ஈரம் போவதற்குள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பவர் டில்லர் ஓட்டக் கற்றபிறகு அது இன்னும் நீண்டுவிட்டது. எங்கள் மகளிர் குழுவின் உழவு வண்டி அது. ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பின்னால் விதைக்கும் கருவியை மாட்டினால், ஏர் பிடித்து இரண்டு நாள் விதைக்கிற நிலத்தை மதியத்துக்குள் முடித்துவிடுவேன்.

மழை ஒரே நாள்தான் பெய்தது. எங்கள் மண்ணில் ஈரம் மூன்று நாள் நிற்கும். நான்காம் நாள் போடுகிற விதை எறும்புக்குத்தான். மூன்றாம் நாள் காலை என் ஓரகத்தி அக்காவின் இரண்டு ஏக்கரில் வண்டியை இறக்கினேன். போன வருடம் ஏருக்குக் காத்திருந்தே அக்கா ஈரத்தைக் கோட்டைவிட்டார். இந்த முறையும் முளைக்காவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதென்று அவர் வீட்டுக்காரர் மாமா முடிவுகட்டி, ஆளும் பார்த்துவிட்டார். அந்த நிலத்தை விட்டால் அக்காவுக்கு வேறு உலகம் கிடையாது.

அக்கா கொடுத்த சோளத்தை மூட்டையோடு விதைப்பெட்டியில் கொட்டினேன். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. மாமா வரப்பில் நின்று வாய் பிளந்து பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாதி நிலம் முடிந்திருக்கும். ஏர் விதைப்புப் பழக்கத்தில் பின்னாலேயே நடந்துவந்த அக்கா, மண்ணில் கீறிய சாலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏய், நில்லு. விதையே விழல."

"மெஷினுக்குக் கண்ணு வைக்காதீங்கக்கா. மண்ணு மூடியிருக்கும்."

"பத்து இடத்துல நோண்டிட்டேன்டி!"

பெட்டியைத் திறந்தேன். கொட்டியது கொட்டியபடி இருந்தது. கையால் விதைக்கும் நாளில் செய்வதுபோல அக்கா விதையை ராத்திரி ஊறவைத்திருக்கிறார். ஈர விதை அப்பிக்கொண்டு அடித்தட்டின் ஓட்டைகளை அடைத்துவிட்டது. விதை எப்படி இருக்கிறதென்று கைவிட்டுப் பார்க்காதது என் திமிர். ஒரு ஏக்கருக்குக் காற்றை விதைத்திருக்கிறேன்.

"அப்பவே சொன்னேன்," என்றார் மாமா. அவர் எதுவுமே சொல்லவில்லை.

"மாமா, தப்பு மெஷின்மேல இல்ல, என்மேல. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுத் தர்றேன். தார்ப்பாயை எடுத்துட்டு வாங்க."

என்ன தோன்றியதோ, ஓடினார். விதையைப் பரப்பி நிழலில் உலர்த்தினோம். அக்கா அடுப்புச் சாம்பலைச் சலித்துவந்து பிசறினார். விதை பொலபொலவென்று பிரிந்தது. நான் தலையிலிருந்த கொண்டை ஊசியைப் பிடுங்கி ஓட்டைகளைக் குத்தினேன். பிறகு முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: விதைக் கருவியின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். அக்காவின் முந்தானையில் சோளம் ஒவ்வொன்றாக விழுந்தது.

"இப்ப ஓட்டு. நான் பின்னாலதான் வருவேன்."

"வாங்கக்கா. நீங்க இல்லாம ஓட்டறதா இல்ல."

முதல் சாலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். வெளிச்சம் இருக்கும்போதே கடைசிச் சால்வரை விதைத்து மூடினோம். அன்று என் வாய்க்கு ஓய்வு.

விதைத்த ஆறாம் நாள் குத்தகைக்காரர் நிலம் பார்க்க பைக்கில் வந்து இறங்கினார். மாமா என்னைப் பார்த்தார். அக்கா நிலத்தின் நடுவில் குனிந்திருந்தார். நிமிராமலே குரல் கொடுத்தார்.

"அங்கயே நில்லுங்க. மிதிச்சிடாதீங்க, முளை விட்டிருக்கு."