மேஜருக்குப் பால் ஆகாது

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றைக்குச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? விடிந்தும் விடியாததுமாகப் பசுக்களின் கழுத்து மணிச் சத்தம்தான் தெருவை எழுப்பும். எத்தனை இனிமையான சத்தம் அது!

அந்தக் கொட்டகைகளில் ஒன்று பால்கார வேலாயுதத்துடையது. தங்கமான மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவன் பாலை மட்டும் ஒரு சொல் சொல்லக் கூடாது. "கொஞ்சம் தண்ணியா இருக்கே" என்று ஒரு அம்மாள் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். பசுவையே அவள் வாசலுக்கு ஓட்டிப்போய்க் கண்ணெதிரே கறந்து காட்டினான். அதோடு அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டான். மற்ற வீடுகளுக்கு அன்றிலிருந்து பசுவை ஓட்டிவந்து வாசலிலேயே கறந்து ஊற்றினான். இப்படியும் ஒரு வியாபாரி!

அவனிடம் மேஜர் என்றொரு நாய் இருந்தது. சாங்கியில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. வந்த நாள் முதல் வேலாயுதத்தின் நிழலாகிவிட்டது. தினமும் காலையில் பசுவுக்கு முன்னால் ராஜநடை போட்டு வரும். அதன் குரைப்பைக் கேட்டுத்தான் பெண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் மேஜர் படுத்துவிட்டது. சோறு இறங்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது, மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. வேலாயுதம் பதறிப்போய் அதைத் தூக்கி டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் போட்டுக்கொண்டு காத்தோங்கில் இருந்த மிருக டாக்டர் அலெக்சாண்டரிடம் ஓடினான்.

"உண்ணிக் காய்ச்சல். மாட்டுக் கொட்டகையில இருந்து ஏறியிருக்கும்," என்றார் டாக்டர். நாயை நிறுத்துப் பார்த்து, அதன் எடைக்குத் தக்கபடி மாத்திரை கொடுத்தார். "மூணு வாரம் கொடுக்கணும். நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. சோத்துல வச்சுக் கொடுங்க. பால்ல மட்டும் கொடுத்துடாதீங்க."

அவ்வளவுதான், வேலாயுதத்துக்குச் சுருக்கென்றது. "ஏன் சார், என் பாலுக்கு என்ன கேடு?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டான். வழி நெடுக டிரைஷாக்காரரிடம் ஒரே புலம்பல். "படிச்ச திமிருங்க! பால்காரன்னா தண்ணி கலக்குறவன்னு முடிவே பண்ணிட்டாரு!"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நல்ல பசுவைக் கறந்தான். மாத்திரையைப் பொடித்துக் கறந்த சூட்டோடு பாலில் கலந்தான். அவன் மனைவி பூவம்மா, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "அவரு கிடக்காரு" என்றான். கசப்பு தாங்காமல் மேஜர் முகத்தைத் திருப்பியது. வாயைப் பிளந்து ஊற்றினான். வேளை தவறாமல் அப்படியே ஊற்றினான்.

மேஜர் தேறவில்லை. ஈறு வெளுத்துப்போனது. எழுந்து நிற்கவும் தெம்பில்லை. "ரெண்டு ரெண்டா கொடுத்துப் பாப்போமா?" என்றாள் பூவம்மா அழுதபடி. வேலாயுதம் மறுபடியும் நாயைத் தூக்கிக்கொண்டு காத்தோங்குக்குப் போனான், டாக்டரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று.

"என்ன மாத்திரைய்யா கொடுத்தீங்க? செத்துக்கிட்டு இருக்கு!"

டாக்டர் நாயின் ஈறைப் பார்த்தார். "எதுல கொடுத்தீங்க?"

"பால்லதான். ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத பாலு!"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதாங்க வினை. பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. நான் உங்க பாலைக் குறை சொல்லல. உலகத்துல எந்தப் பாலா இருந்தாலும் இதேதான்."

வேலாயுதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாழ்நாளெல்லாம் எதைப் பெருமை என்று கட்டிக்கொண்டு திரிந்தானோ, அதையே கையில் எடுத்து நாயைக் கொல்லப் பார்த்திருக்கிறான். "என் ரோஷத்துக்கு நீயாடா பலி?" என்று மேஜரின் காதோடு சொல்லி, அங்கே காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் விம்மி அழுதான். டாக்டர் அதட்டவில்லை. "ரெட்டிப்பா கொடுத்து ஈடு கட்டப் பாக்காதீங்க, அது வேற ஆபத்து. இன்னையிலிருந்து புதுசா ஆரம்பிப்போம்," என்றார்.

அதன்பிறகு டாக்டர் சொல்தான் வேதவாக்கு. பாலுக்குப் பதில் மீன் சோறு. மேஜர் சில நாளிலேயே வாலாட்டியது. "அதான் தேறிடுச்சே, மிச்ச மாத்திரையை வச்சிருந்தா பின்னால யாருக்காவது ஆகும்," என்றாள் பூவம்மா. "வாயை மூடு. எல்லாம் அதுக்குத்தான்," என்று கடைசி மாத்திரை வரை கொடுத்துத் தீர்த்தான். டாக்டர் மறுபடி பார்த்து, "பொழச்சுக்கிச்சு. இனிமே பாலும் கொடுக்கலாம்," என்றார்.

மறுநாள் காலை மேஜர் பழையபடி பசுவுக்கு முன்னால் நடந்தது. வாசல்தோறும் பெண்கள் கொண்டாடினார்கள். வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. செம்பு மூடியில் பாலை ஊற்றி, தெரு நடுவிலேயே மேஜர் முன் வைத்தான்.

மேஜர் முகர்ந்தது. ஓரடி பின்வாங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வேலாயுதத்தின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

 சொம்போடு வாசலில் நின்ற பள்ளிக்கூட டீச்சர் மதலேனா கொல்லென்று சிரித்தாள். "என்ன வேலாயுதம், உங்க நாயே குடிக்க மாட்டேங்குது! அவ்வளவு தண்ணியா?"

 இன்றைக்கு யார் வீட்டுச் சொம்பு பறக்கப்போகிறதோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலாயுதம் குனிந்து மேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது சளக் சளக்கென்று அவன் கன்னத்தை நக்கியது. அவன் கண் கலங்கியிருந்தது.

"ஆமா லா டீச்சர்," என்றான். "தண்ணிப் பாலுதான். நாயே சொல்லிடுச்சே."