வெந்நீரில் போட்ட கேரட்

அடக்கத்தன்று ஜனாஸா தொழுகைக்கு முன் என் மகன் நௌஷாத் எழுந்து நின்று, "எங்க அத்தா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்டானாம். வழக்கமாகக் கேட்பதுதான். வந்திருந்தவர்கள் பொறுத்தோம் என்றார்களாம்.

ஆனால் என் கணவர் அஹமது கபீர் பொருள் விற்றது அவர்களிடம் அல்ல. பன்னிரண்டு வருடம், மதியந்தோறும், மஞ்சள் சட்டையில் தஞ்சாவூர் கேபிள் டிவியில் வந்து, முகம் தெரியாத பெண்களிடம் காய் வெட்டும் மெஷின் விற்றார். ஒரே தட்டு தட்டினால் கேரட் பூவாய் உதிரும். காலையில் நான் வெந்நீரில் போட்டெடுத்து, ஈரம் துடைத்து, டிபன் டப்பாவில் அடுக்கிக் கொடுத்த கேரட் அது. இன்னும் கொஞ்சம் வேகட்டுமா என்று கேட்பேன். "போதும், குழைஞ்சிட்டா மாட்டிக்குவேன்" என்று சிரிப்பார். அந்தக் காலைகள் எனக்குப் பிடித்திருந்தன.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் என்பதால் நான் வாசல் தாண்டி மூன்று மாதம் ஆகிறது. பார்க்க வரும் பெண்கள் டிவியில் அவர் பேசுவதைப்போலப் பேசிக் காட்டுகிறார்கள். கேரட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கியவர்கள் பொறுக்காமல் அவருக்கு எப்படி நிம்மதி?

நேற்று கீழ்வேளூரிலிருந்து, முன்பின் தெரியாத பூவம்மாள் என்பவர் வந்தார். சாவுச் செய்தியை மகளின் போனில் பார்த்தாராம். விலாசம் விசாரித்துத் திருவையாறு வரை பஸ்ஸில் வந்திருந்தார்.

"அந்த மெஷினு எங்கிட்ட மூணு கெடக்கும்மா."

"மூணா? நல்லா வெட்டுச்சாக்கா?"

"எங்க வெட்டுச்சு! வெண்டைக்காய்க்கே பல்லு போச்சு. அதோட டப்பாவுல இப்ப கோழி தண்ணி குடிக்குது."

"அவர பொறுத்துக்குங்கக்கா. கேரட்ட வெந்நீர்ல போட்டுக் குடுத்தது நான்தான்."

பூவம்மாள் தோள் குலுங்கச் சிரித்தார். "பச்சக் கேரட்டு அப்புடி விழாதுன்னு சமைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா மூணு வாங்குனீங்க?"

"நடவு முடிஞ்சு வந்து தட்டோட உக்காருவேன். 'அக்கா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுக்கிட்டே டிவியில வருவாரு. எங்க வீட்டுல அத யாரு கேட்டா? மெஷினு விக்கலன்னா அவர நிறுத்திப்புடுவாங்கன்னு நானும் எங்க ஓரகத்தியும் மாத்தி மாத்தி வாங்குனோம்."

"பொறுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா."

"பொறுத்தேன், போ." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுலயும் அப்புடித்தானே கேப்பாரு? குடுத்து வச்சவ நீ."

முப்பத்தொரு வருடத்தை ஒருமுறை தேடிப் பார்த்தேன். அவர் அப்படிக் கேட்ட ஒரு நாள்கூட அகப்படவில்லை.

"ஆமாக்கா," என்றேன். "தெனமும் கேப்பாரு."