சகலை வீட்டு ராணி

மேனேஜருக்கு எறும்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. லேப்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மழை விட்ட ஒரு மாலையில் மேனேஜர் வீட்டு வாசலில் இறகு உதிர்த்துத் திரிந்த ராணி எறும்புகளை இன்னவை என்று கண்டுகொண்டது லேப்காரர். ரத்தம் எடுக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் குழாய் கொண்டுவந்து, அடியில் தண்ணீர் விட்டு, பஞ்சு வைத்து, ஆளுக்கொரு ராணியை அடைத்ததும் அவர்தான். இருட்டில் வைக்க வேண்டும், தீனி போடக் கூடாது, முட்டையிட்டு அவளே வளர்த்துக்கொள்வாள் என்று சகலைக்குப் பாடமும் எடுத்தார்.

மேனேஜர் குழாயைக் காலுறை அடுக்கும் இழுப்பறையில் போட்டார். போட்டதை மறந்தும் போனார். ஆறு வாரம் கழித்துக் காலுறைக்குத் துழாவியபோது, உள்ளே ராணியைச் சுற்றி ஒன்பது வேலைக்கார எறும்புகள்.

அன்று முதல் அவருக்கு நிர்வாக ஞானம் பொங்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் இழுப்பறைக்கு முன்னால் நிறுத்தி, "பொறுப்பக் குடுத்துட்டா நம்பி விட்டுடணும். நான் ஒரு நாள் தலையிட்டிருப்பேனா?" என்பார். ஞாபகம் இருந்தால்தானே தலையிட.

லேப்காரர் வீட்டு ராணிக்கு வெப்பமானி, பூதக்கண்ணாடி, தேதிவாரியாக நோட்டு என்று சகல மரியாதையும் நடந்தது. பல் தேய்க்கும் முன் ஒரு தரம், தேய்த்த பின் ஒரு தரம் குழாய் வைத்த பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு தரமும் வெளிச்சத்துக்கு மிரண்டு, இட்ட முட்டைகளை ராணி தானே தின்றாள். மிரட்டினால் தின்றுவிடும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே கோடிட்டு எழுதியிருந்தது. அதற்காக, சகலை வீட்டில் பதினெட்டு ஆகிவிட்டது என்று கேட்ட பிறகும் கை சும்மா இருக்குமா?

நல்ல ராணியைத் தானே தூக்கிக் கொடுத்துவிட்டதாக மனைவியிடம் புலம்பினார்.

"ரெண்டும் ஒரே வாசல்ல பொறுக்குனதுதாங்க. உங்க வயிறு எரியிற வெளிச்சத்துலயே அது மிரளுது" என்றாள் அவள். குழாயை வாங்கி எங்கோ ஒளித்தாள். நாற்பத்தைந்து நாள் கேட்கவே கூடாது என்று கட்டளை.

அவர் கேட்கவில்லை. தேடினார். கட்டிலுக்கடியில், பரண்மேல், தையல் பெட்டிக்குள். கிடைக்கவில்லை. உள்ளறையிலிருந்து அவள் முகம் மலர்ந்து வரும்போதெல்லாம், சகலை மேலிருந்த எரிச்சலில் பாதி அவள் மேல் இறங்கியது. தன் எறும்பைத் தனக்குத் தெரியாமல் ஒருத்தி பார்க்கிறாள்.

நாற்பத்திரண்டாம் நாள் வேலை நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். "வாழ்த்துகள் சகலை. உங்க வீட்லயும் பொறந்தாச்சாமே. ஒதுங்கி நின்னா தானா நடக்கும்னு நான் அப்பவே சொல்லல?"

லேப்காரருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "தெரியுமே. காலைலகூட எண்ணிட்டுத்தான் வந்தேன். ஆறு."

"ஆறா? நேத்தே பதினொண்ணுன்னு உங்க வீட்ல சொன்னதா இவ சொன்னாளே."

பதினொன்று. மேனேஜர் வீட்டில் முதலில் ஒன்பதுதான். அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

"சாயங்காலம் போய் மறுபடி எண்ணிப் பாக்குறேன்" என்றார் லேப்காரர்.