மாமனாரும் மீன்கொத்தியும்

என் மாமனார் என்னிடம் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் திருத்துவேன். நிறுத்துவதற்கு முதலில் ஆரம்பித்திருக்க வேண்டுமே. அவர் என்னிடம் பேசியதே இல்லை.

பதிவு அலுவலகத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் மனைவி அவருக்குப் போன் செய்தாள். "சரி பாப்பா, நல்லா இரு" என்று வைத்துவிட்டார். அதன்பின் வாரம் தவறாமல் மகளோடு பேசுவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் வழியாக வரும். "உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னியே, விட்டுச்சா?" நானும் அவள் வழியாகவே பதில் அனுப்புவேன். கோபம் எப்போதோ ஆறிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேசாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போய்விட்டது. பழகியதை விடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா.

இந்தக் குளிர்காலத்தில்தான் முதன்முதலாக அவரும் மாமியாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பத்து நாள்.

"ஊருக்குத் திரும்பறதுக்குள்ள அப்பா உங்ககிட்ட நேரா ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும்" என்றாள் பாப்பா, விருந்தாளிகளுக்காகத் தலையணை உறை மாற்றிக்கொண்டே. முப்பத்தாறு வயதாகியும் அவள் எல்லோருக்கும் பாப்பாதான். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"பேசாட்டி என்ன குறைஞ்சு போச்சு" என்றேன். பொய். வாசல் மணி அடித்தபோது அவசரமாக ஓடிப்போய் நான்தான் கதவைத் திறந்தேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, "பாப்பா, வழி சுலபமா கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் நாலு பேர்தான். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும். "பாப்பா, உப்பு." பாப்பா என்னைப் பார்ப்பாள். நான் உப்பை அவளிடம் கொடுப்பேன். அவள் அவரிடம் கொடுப்பாள். மூன்றாம் நாள் மாமியார் பொறுக்க முடியாமல் உப்பு டப்பாவைத் தூக்கி மேசை நடுவில் வைத்தார்.

"என் பொண்ணு சாப்பிடட்டும். போஸ்ட் ஆபீஸ் வேலை பார்க்கவா அவளப் பெத்தேன்?"

மாமனார் கொண்டுவந்த சால்வை இந்த ஊர்க் குளிருக்குக் கைக்குட்டை மாதிரி. என்னிடம் கனமான கோட்டு ஒன்று கூடுதலாக இருந்தது. நான் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று பாப்பா எடுத்துப் போய், "என் பழைய கோட்டுப்பா, போட்டுக்குங்க" என்றாள். நான் லிப்ட் மெக்கானிக். அந்தக் கோட்டின் முதுகில் எங்கள் கம்பெனியின் பெயரும், அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணும் முழம் அகலத்துக்கு அச்சடித்திருக்கும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போட்டுக்கொண்டார். மறுநாள் மாடிப்படியில் மூன்றாம் தளத்து அம்மா அவரை மறித்து, லிப்ட் கதவு இப்படிக் கிறீச்சிடுகிறதே, எப்போது சரி செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "பார்த்துச் சொல்றேன்மா" என்றாராம்.

பகல் வேளைகளில் நாங்கள் வெளியே போனோம். குளிர்காலத்தில் இந்த ஊர் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். தெருவிளக்குகள் மதியம்வரை அணையாது. பூங்காவின் மரங்கள் ஒவ்வொரு சுள்ளியிலும் வெள்ளைப்பூச்சு ஏறி, யாரோ நினைத்துப் பாதியில் மறந்ததுபோல மூட்டத்துக்குள் நிற்கும். காலடிச் சத்தம்கூட நமக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்துத்தான் கேட்கும். மாமியார் உறைந்த குட்டையை விரலால் தட்டி, "கண்ணாடி மாதிரி இருக்கு மாப்பிள்ளை, உள்ள இலை எல்லாம் தூங்குது" என்றார். நான் அதைப் படம் எடுத்தேன். அவர்களையும் எடுத்தேன். நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் மாமனாருக்குத் தூரத்தில் எதையாவது அவசியம் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாப் படத்திலும் அவருடைய காது நன்றாக விழுந்திருக்கிறது.

நாள் முழுக்க லிப்டின் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிவடத்தை அண்ணாந்து பார்க்கிறவன் நான். அதனால் விடுமுறைக் காலைகளில் எனக்கு ஏரி வேண்டும். ஏரிக்கரையில் நகராட்சி கட்டிய மரக்குடில் ஒன்று உண்டு. உள்ளே ஒரு பெஞ்சு, கண் உயரத்தில் நீளமான பிளவு, சுவரில் 'பேசாதீர்கள்' என்று ஒரு பலகை. அங்கே உட்கார்ந்தால் பறவைகளுக்கு நம்மைத் தெரியாது. அந்த ஏரியில் ஒரு மீன்கொத்தி இருக்கிறது. உறைபனி பிடித்த கொம்பில் அது உட்கார்ந்திருக்க ஒரே ஒரு படம் எடுத்துவிட மூன்று குளிர்காலமாக முயல்கிறேன். அது வந்து உட்காரட்டும் என்று குடிலுக்கு வலப்பக்கம், உறையாத ஓடைவாயில், நானே ஒரு கொம்பை நட்டுவைத்தேன். அந்தக் கொம்பைத் தவிர ஊரில் எல்லா இடத்திலும் அது உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் மாலை அவர்களுக்கு ரயில். காலை ஆறரைக்குக் கேமராப் பையை மாட்டிக்கொண்டு வந்தேன். மாமனார் கோட்டும் ஷூவும் போட்டு, கையில் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்தார். ரயில் கார்டாக முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஐந்து மணிக்கு மேல் படுக்கை அவரை ஏற்றுக்கொள்ளாது. நான் கதவைத் திறந்தேன். அவர் இறங்கினார். விடியற்காலைக் குளிரில் போர்வையை விட்டு வர பாப்பாவுக்கு என்ன பைத்தியமா. நாங்கள் இரண்டு பேர் மட்டும், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரும் இல்லாமல் நடந்தோம்.

மரக்குடிலில் பெஞ்சின் இடக் கோடியில் அவர். வலக் கோடியில் நான். நடுவில் முக்காலி மேல் கேமரா. அவர் சுவரில் இருந்த பலகையைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். பேசக் கூடாத இடம். எங்களுக்கென்றே கட்டியதுபோல் இருந்தது.

ஏரி தெரியவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியவில்லை. மூட்டம் மெல்ல நகர்ந்து, நாணல் நாலு தெரியும், மறையும். வாத்துகள் தண்ணீரில் போகின்றனவா காற்றில் போகின்றனவா என்று சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று கேட்டால் பத்து நிமிடம் என்றும் சொல்வேன், ஒரு பிறவி என்றும் சொல்வேன். அவருடைய மூச்சு புகையாகப் போய் என்னுடையதோடு கலந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். மூடியில் டீ ஊற்றி, பெஞ்சு நடுவில், முக்காலிக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு காற்றிடம் மெல்ல, "பாப்பா, சூடா இருக்கு, பார்த்துக் குடிக்கச் சொல்லு" என்றார்.

பாப்பா இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு வாய் குடித்தேன். "பாப்பா, சர்க்கரை சரியா இருக்குன்னு சொல்லிடு" என்றேன்.

அவர் மீசை லேசாக அசைந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் மூடியைக் கீழே வைத்துவிட்டு, வலப்பக்கத்துக் கொம்பின் மேல் கேமராவைத் திருப்பி, கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டேன். கேமராவில் கண் வைத்தவனுக்கு அந்தச் சிறு சட்டத்துக்கு வெளியே உலகம் கிடையாது.

அப்புறம் நடந்ததை அவரே பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இடப்பக்கத்தில், நாங்கள் பார்க்காத ஒரு முறிந்த நாணல் தண்டில், மூட்டத்துக்கு நடுவே நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் கையைத் தூக்கினார், கொடி காட்டுகிற மாதிரி. நான் பார்க்கவில்லை. இன்னும் உயர்த்தினார். ஆட்டினார். நான் அந்தக் காலிக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியனுப்பப் பாப்பா இல்லை. மீன்கொத்தி தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தது, இதோ போய்விடும்.

"யோவ். இடது பக்கம்யா. இடது பக்கம்."

பதினெட்டுப் பெட்டி தாண்டி என்ஜினுக்குக் கேட்க வேண்டிய குரல் அது. நான் திரும்பி அழுத்துவதற்குள் ஏரியே எழுந்தது. வாத்து, கொக்கு, பெயர் தெரியாதவை, எல்லாம் ஒரே படபடப்பாக மூட்டத்துக்குள் போய் மறைந்தன. பிறகு ஓர் இறகு மட்டும் நிதானமாக இறங்கி வந்தது.

அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், அடங்கவில்லை. அவர் சட்டென்று எழுந்து வெளியே போனார். வழி முழுக்க எனக்கு நாலு அடி முன்னால் நடந்தார். கோட்டின் முதுகில் இருந்த அவசர உதவி எண்ணையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் போனேன். தப்பாகச் சிரித்துவிட்டேனோ, இனி இன்னொரு பதினோரு வருடமோ?

வீட்டில் பாப்பா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கேமராவை வாங்கிப் பார்த்தாள். முறிந்த தண்டு, அதன் மேல் ஒரு நீலத் தீற்றல்.

"என்னங்க இது, பறவை எங்க?"

"போயிடுச்சு. அப்பா சத்தம் போட்டுட்டார்."

"என்னன்னு?"

"யோவ்னு."

அவள் ஷூ வைக்கிற பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மாமியார் அறையிலிருந்து வந்தார். "பதினோரு வருஷம் வாயை மூடிட்டிருந்து, தொறந்ததும் இதுதான் வந்துச்சா? மாப்பிள்ளைன்னு ஒரு சொல் இருக்கே, கேள்விப்பட்டதில்லையா?"

"அவசரத்துல கைக்கு எது கிடைக்குதோ அதானே வரும்" என்றார் மாமனார். சுவரைப் பார்த்துக் கோட்டைக் கழற்றினார். ஆணியில் மாட்டினார். மாட்டியதை மறுபடி சரியாக மாட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், "நாளைக்கு வருமா அது?" என்றார்.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அப்பா கேக்கறார், நாளைக்கு அந்தப் பறவை..."

"உன்கிட்ட யார் கேட்டா பாப்பா" என்றார் அவர். "அவர்கிட்டதானே கேக்கறேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "வரும்" என்றேன். "ஆனா இன்னிக்கு மாதிரி ஆறரைக்குக் கிளம்பினாப் பத்தாது. ஆறுக்கே போயிடணும்."

"அஞ்சே முக்காலுக்கு நான் ரெடி. அந்தக் கொம்பைப் பிடுங்கி இடது பக்கம் நடணும். நீங்க நட்டிருக்கறது சரியில்லை."

"சரியில்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்தீங்களா முதல்ல?"

பாப்பா கையில் தோசைக்கரண்டியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எதையோ எடுத்துச் சொல்லத் தயாராக வாயைத் திறந்து, மூடினாள். உள்ளே முட்டை தீய்ந்துகொண்டிருந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.