உறிஞ்சினால் சேதமா?

"தடுத்தாச்சு சகலை, தடுத்தாச்சு. அங்கி போட்டிருக்கான் பாருங்க, கண்ணு எங்க..."

"எதைத் தடுத்தீங்க? அடிச்சாத்தானே தடுக்க முடியும்? நான் அடிக்கவே..."

"அடிக்காமத்தான் என் ஆளு சாகறானா?"

"உறிஞ்சினேன். அடிக்கிறது வேற, உறிஞ்..."

"கழுத்துல ரெண்டு ஓட்டை போட்டுட்டு அடிக்கலைங்கறார். அத்தை, கேட்டுக்குங்க."

அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசினால் ஆளுக்கொரு காதை ஒதுக்கிவிடும் பழக்கம் அவளுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மூத்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயத்தில் கத்திக் கத்தியே தொண்டை அகலமாகிப் போனவர். இளையவர் பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவர். குரல் சன்னம், ஆனால் பிடித்தால் விடமாட்டார். இன்றைக்கு அவர் பிடித்தது மூத்தவரின் ரத்தக்காட்டேரியை.

ரத்தக்காட்டேரிச் சீட்டுதான் ஆட்டம். கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, இரட்டையாக வந்ததைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, இருவரும் ஆளுக்கொரு கட்டு சேர்த்திருந்தார்கள். காட்டேரிச் சீட்டின் மேல் சிவப்புப் பொத்தான்கள் இருக்கும்; அதுதான் அதன் ரத்தம். பொத்தான் தீர்ந்தால் காட்டேரி போச்சு. கடைசிக் காட்டேரியும் போனால் ஆட்டம் போச்சு. மகள்கள் அம்மாவோடு பேச வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளைகளுக்கும் பொழுது போக வேண்டுமே என்று தொடங்கியது. சண்டை வந்தால் தீர்ப்பு மாமியாருடையது. வேலைக்குப் போன காலமெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பார்த்தவள். விதி என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையைக்கூட முன்பின் தெரியாதவர் மாதிரிதான் பார்ப்பாள்.

ஆனால் இன்றைய ஆட்டம் பொழுதுபோக்குக்கு இல்லை. வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்; நாளைக்குச் சாவி கொடுத்தாக வேண்டும். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி. அம்மா யார் வீட்டுக்கு என்பதைப் பெண்கள் இருவரும் சொல்லாமல், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று புருஷன்மார் தலையில் கட்டிவிட்டார்கள். அவர்கள் பேசிய அழகை அவள் காலையிலேயே கேட்டாள். மேசை அலமாரியை இருவரும் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க, அதன் இழுப்பறையைக் கையில் ஏந்தி அவள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். முன்னால் போய்விட்டாள் என்று அவர்கள் நினைப்பு.

"பேசி என்ன ஆகப்போகுது சகலை? சாயங்காலம் ஒரு ஆட்டம் போடுவோம். தோக்கறவங்க வீட்டுக்கு அத்தை."

"மெதுவாங்க. அத்தை காதுல விழுந்துடப்போகுது."

விழுந்துவிட்டது. இழுப்பறையைக் கீழே போடாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இப்போது இருவரிடமும் கடைசிக் காட்டேரி. மூத்தவருடையதின் மேல் இரண்டு பொத்தான், இளையவருடையதின் மேல் ஒன்று. இளையவர் இறக்கிய சீட்டு 'நீள்பல்': எதிரியிடமிருந்து இரண்டு ரத்தம் உறிஞ்சிக்கொள். மூத்தவர் சட்டென்று அதன்மேல் போட்டது 'தோல் அங்கி': இரண்டு சேதம் வரை தடுக்கும். அங்கி தடுத்தால் அடுத்த அடியில் இளையவர் காலி. தடுக்காவிட்டால் மூத்தவர் இப்போதே காலி.

"ரூல் புத்தகத்தைப் பார்த்துடலாமே" என்றார் இளையவர்.

"அது பெட்டிக்குள்ள போயிடுச்சு" என்றாள் அவள். "எந்தப் பெட்டின்னு மட்டும் கேக்காதீங்க."

"புத்தகம் எதுக்கு? அத்தை இருக்காங்க" என்றார் மூத்தவர். "அத்தை, நீங்களே சொல்லுங்க. படத்தைப் பாருங்க, அங்கில காலரை எப்படித் தூக்கி விட்டிருக்கான். கழுத்தே தெரியல. பல்லு எங்க இறங்கும்?"

"படம் ரூல் ஆகாது சகலை. அப்படிப் பார்த்தா உங்க லைசென்ஸ்ல இருக்கிற படத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரி, காலரை விடுங்க. உறிஞ்சணும்னா ஓட்டை போடணுமா வேண்டாமா? இல்ல ஸ்ட்ரா ஏதாவது வச்சிருக்கானா உங்க ஆளு?"

"பல்லு ஒழுங்கா செஞ்சிருந்தா ஓட்டை விழுந்ததே தெரியாது. வேலை சுத்தமா இருக்கும்."

"தொழில் பெருமையைப் பாருங்க அத்தை. இவரு பல்லுன்னா காட்டேரி கடிச்சாலும் பாராட்டுவாரு."

அவள் நாக்கால் தன் கீழ்வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அது இளையவரின் கைவேலைதான். கடலை மெல்லலாம், சத்தம் வராது. அவருடைய வீடும் அப்படித்தான். தரைத்தளம், சத்தம் கிடையாது. அவள் இருக்கப்போகும் அறையின் ஜன்னலுக்கு நேரே பஸ் நிறுத்தம். போகிறவர்கள் வருகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டுகிறவர்கள் என்று நாள் பூராவும் உட்கார்ந்து பார்க்கலாம். மூத்தவர் வீடோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அங்கே காலியாக இருப்பதாகச் சொல்லும் அறையில் ஓடாத ஓட்டப்பயிற்சி மிஷின் ஒன்று சட்டைகளை மாட்டிக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை மூத்தவர்தான். தண்ணீர் ஊற்றினால் "மெதுவா, மெதுவா, இப்ப விடுங்க" என்பார். கதவைத் திறந்தால் "பின்னாடி பாத்தீங்களா?" என்பார். மனதுக்குள் பயம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். இந்த ஆட்டத்தில் மட்டும் மேசைக்கடியில் அவள் கால் இரண்டு தரம் மிதிபட்டாயிற்று.

'அங்கி தடுக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இளையவர் தோற்பார், அவளுக்கு ஜன்னல். புத்தகம் பெட்டிக்குள் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் சேதம்தானே என்றால் கேட்கிற யாரும் தலையாட்டுவார்கள். அவள் பார்த்த க்ளெய்ம்களில் இதைவிடப் பலவீனமான வாதத்துக்கெல்லாம் மேனேஜர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றுதான் உறுத்தியது. எந்த வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாளோ, அந்த வீட்டுக்காரர்தான் அவள் வராமலிருக்க இவ்வளவு மல்லுக்கட்டுகிறார். கன்னமெல்லாம் சிவந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தபோதுகூட மனிதர் இந்த வேகத்தில் பேசவில்லை.

"அத்தை, நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று அவர் முன்னால் சாய்ந்தார். "சேதம்னு போட்டிருக்கிற சீட்டு சேதத்தைத்தான் தடுக்கும். ஒரு எழுத்து கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல."

"அத்தையை நெருக்காதீங்க சகலை. வண்டி நிதானமா வரட்டும்."

உள்ளறையிலிருந்து பெரிய மகள் குரல் கொடுத்தாள். "என்னங்க, முடிவாச்சா? போர்வையெல்லாம் எந்த வண்டில ஏத்தறது?"

"இதோ ஆச்சு" என்றார்கள் இருவரும் ஒன்றாக. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு பதிலில்தான்.

அவள் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டாள். வேறு யோசனைகளை ஒதுக்கி வைக்கும்போது அவள் செய்வது அது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடிபட்டா பொத்தான் எங்க போகும்?"

"டப்பாவுக்கு" என்றார் மூத்தவர்.

"உறிஞ்சினா?"

மேசைக்கடியில் மூத்தவரின் பிரேக் அழுந்தியது. அவள் காலை முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தாள்.

"என் ஆளுகிட்ட வரும்" என்றார் இளையவர்.

"அப்ப அது எங்கயும் அழிஞ்சு போகல. இடம் மாறியிருக்கு. கப்பல்ல வந்த டிவி தண்ணில ஊறிப்போச்சுன்னா சேதம், மாப்பிள்ளை. அதே டிவி இன்னொருத்தர் வீட்டுக் கூடத்துல ஜம்முனு ஓடிட்டிருந்தா அது திருட்டு. சேதத்துக்கு எடுத்த பாலிசில திருட்டுக்குக் காசு வராது. புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நான் படிச்சிருக்கேன். அடி, குத்து, சூடு, எதுவா இருந்தாலும் அங்கி தாங்கும். உறிஞ்சறதுக்கு அங்கி செல்லாது."

"ஓட்டை, அத்தை? ஓட்டை இருக்கே?"

"ஓட்டைக்குத் தனியா ஒரு சேதம்னு அந்தச் சீட்டுல எழுதியிருந்தா அதைத் தடுத்திருக்கலாம். எழுதல. எழுதாததுக்கு நான் பொறுப்பு இல்ல."

இரண்டு பொத்தான்களையும் அவளே எடுத்து இளையவரின் காட்டேரி மேல் வைத்தாள். மூத்தவரின் காட்டேரி வெறும் படமாகிப் போனது. மூத்தவர் தோல் அங்கியைக் கையில் எடுத்து, மறுபக்கம் ஏதாவது போட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

இளையவருக்குச் சிரிப்பு உதட்டில் நிற்கவில்லை. "ரொம்ப நியாயமா சொன்னீங்க அத்தை. உங்க நேர்மை யாருக்கு வரும்" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு ரூம்ல... அந்த மிஷினை எடுத்துடலாம் அத்தை. படிதான் கொஞ்சம். நான் கூடவே வந்து, மெதுவா மெதுவான்னு..."

"சொல்லுவீங்க, தெரியும்" என்றாள். "வரேன் மாப்பிள்ளை. தீர்ப்பு நான் சொன்னது, நானே மீற முடியுமா?"

"தீர்ப்பா?" என்றார் மூத்தவர். சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த இளையவரின் கை நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலைல இழுப்பறையை எடுத்துட்டு உங்க பின்னாடிதான் வந்தேன்" என்றாள் அவள்.

உள்ளே பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது, நின்றது. சன்னமான குரல்காரர் அடுக்கிய சீட்டையே மறுபடி அடுக்கினார். அகலத் தொண்டைக்காரர் மேசையில் கிடந்த பொத்தான்களைப் பார்த்தபடி இருந்தார். அவள் எழுந்து, நாற்காலி முதுகில் கிடந்த சால்வையை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, இளையவர் பக்கம் திரும்பினாள்.

"தோத்தவருக்கு நான்னு பேசிக்கிட்டீங்க. ஜெயிச்சவருக்கு என்னன்னு பேசவே இல்லையே மாப்பிள்ளை?"