கழித்த இரண்டு கிலோ

நிஷாந்திக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஹட்டன் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி அறையில் வேலைக்கான நேர்முகம். கோபோல் தெரிந்தவர் தேவை என்று இரண்டு மாதமாகப் பேஸ்புக்கில் கிடந்த விளம்பரத்துக்கு மொத்தமே ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் அந்தப் பழைய கணினி மொழியைக் கண்ணால் கண்டதில்லை; முதலில் வைத்த எழுத்துத் தேர்விலேயே வெற்றுத்தாளை நீட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்த இவள், விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் போனில் அதைப் படித்தாள். இதுவும் கிடைக்காவிட்டால் மறுபடி கொழும்புக் கடையில் துணி மடிக்க வேண்டும்.

சஜீவன், கீழ்க்கடை முதலாளியின் மகன், மேலே மென்பொருள் கம்பனி நடத்துபவன், அவள் திருத்திய நிரலைத் திரையில் உருட்டினான்.

"நாலு பிழை போட்டிருந்தேன். மூணைப் புடிச்சிட்டீங்க. நாலாவது?"

"அவ்வளவுதான் இருந்திச்சு, சேர்."

அவன் ஒரு வரியில் விரல் வைத்தான். நாற்பது மூட்டைகளின் நிறையைக் கூட்டும் நிரல் அது. ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு கிலோவைக் கழித்துவிட்டே கூட்டியது.

"இதைப் பார்க்கலியா?"

"பார்த்தேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறதுதானே."

"சாக்கு நீங்கலான நிறைன்னு மேலேயே எழுதியிருக்கு. வாசிச்சீங்களா?"

வாசித்திருந்தாள். வாசித்தும் கை அந்த வரிக்குப் போகவில்லை. தோட்டத்தில் அம்மா பறிக்கும் தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் தராசடியில், இரண்டு கிலோ கழிக்காத ஒரு நாளை அவள் கண்டதில்லை.

சஜீவன் சிரித்தான். "தோட்டத்துப் புத்தி! கிளையன்ட்கிட்ட இப்படிச் சொன்னா என் கதை கந்தல். சரி, ஆறு மாசம் பயிற்சின்னு வாங்க. பாதிச் சம்பளம்."

"அரைப்பேரா?" கிலோ குறைந்த நாளில் தோட்டத்தில் அம்மாவுக்குப் போடும் பாதி நாள் கூலிக்கு அதுதான் பேர்.

"அப்படியே வச்சுக்கங்க."

எழுந்தாள். கதவுவரை போனாள். திரும்பி வந்து, கேட்காமலே விசைப்பலகையை இழுத்து, அந்த வரியை அழித்து நிரலை ஓட்டினாள். மொத்தம் எண்பது கிலோ ஏறியது.

"நாலாவதும் முடிஞ்சிது. முழுப்பேர் போடுங்க, சேர்."

"இல்லாட்டி?"

"வேற ஆளைத் தேடுங்க. ரெண்டு மாசம் தேடினீங்கதானே."

ஐந்து வெற்றுத்தாள்களும் மேசையிலேயே கிடந்தன. சஜீவன் அவற்றை ஒருமுறை புரட்டினான், அதற்குள் யாராவது எழுதியிருப்பார்கள் என்பதுபோல.

"வாய்க்கு மட்டும் கொறைச்சல் இல்ல," என்றான். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துருங்க. முழுச் சம்பளம்தான்."

"எட்டரை. எங்க நோர்வூட் பஸ் அதுக்கு முந்தி இங்க வராது."