சிவப்பு மருந்து போகாத இடம்

குமிழ்கள் மறுபடியும் ஒழுகிவிட்டன. சோதனைக் குழாயின் அடியில் தெளிவாக நிற்க வேண்டிய நீர் வெளிர் சிவப்பாக இருந்தது. பேராசிரியர் ரகுநாதன் அதைப் பார்த்துவிட்டு, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளலாமே என்று மெதுவாகத்தான் சொன்னார். தாட்சாயிணி தலையாட்டினாள். ஆனால் மறுநாளும் அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து முட்டை உடைத்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. மஞ்சள் கருவிலிருந்து எடுத்த கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களாக்கி, அவற்றுக்குள் புற்றுநோய் மருந்தை அடைப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அந்தச் சிவப்பு மருந்தை அவள் முதலில் பார்த்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, அக்கா ராஜம்மாவின் கையில் ஏறும்போது. மார்பிலிருந்த கட்டி கரைந்தது. கொட்டிய முடி வளர்ந்துவிட்டது. இதயம்தான் பலவீனமாகவே தங்கிவிட்டது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறுவதற்குள் ராஜம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். மருந்துக்குக் கட்டியும் ஒன்றுதான், இதயமும் ஒன்றுதான் என்றார் டாக்டர்.

கொலஸ்டிராலைக் கூட்டிச் சேர்த்தபோது குமிழ்கள் ஒழுகாமல் நின்றன. கட்டி வளர்ந்த சுண்டெலிகளுக்கு அவற்றைச் செலுத்தினாள். அந்த மருந்து நுண்ணோக்கியின் ஒளி பட்டால் தானே சிவப்பாக ஒளிரும். கட்டியின் துண்டு தணலாக ஒளிர்ந்தது. அதே எலியின் இதயத்தை வைத்தாள், இருட்டு. விளக்கு கெட்டுப்போனதோ என்று சோதித்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். ரகுநாதன் வந்து பார்த்தார். அவரும் விளக்கை ஒருமுறை சோதித்தார்.

அக்காவிடம் சொல்லத்தான் பயம். கெட்டுப்போன இதயத்துக்கு இது உதவாது. ஆனால் விஷயம் தெரிந்ததும் ராஜம்மா தானும் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

முதலில், மருந்தைக் குமிழில் அடைக்காமல் செலுத்திய எலியின் இதயத்தைத் தாட்சாயிணி நுண்ணோக்கியில் காட்டினாள்.

"இன்னாடி, இம்மாம் செவப்பா கீது?"

"மருந்துதான்க்கா. நெஞ்சுல போய் தங்கிக்கினு கீது. உனக்கும் இப்டித்தான்."

ராஜம்மாவின் கை தன் நெஞ்சுக்குப் போனது. தாட்சாயிணி அவசரமாக அடுத்தடுத்த துண்டுகளை மாற்றினாள். ஒளிரும் கட்டி. இருண்ட இதயம்.

"அதுக்குக் கண்ணு கீதா இன்னா, வழி பாத்துப் போறதுக்கு?"

கண் இல்லை என்றாள் தாட்சாயிணி. கட்டி அவசரத்தில் வளர்வதால் அதன் ரத்தக் குழாய்களில் ஓட்டைகள் விழுந்துவிடுகின்றன. குமிழ்கள் அவற்றின் வழியாகத்தான் நுழைகின்றன. இதயத்தின் குழாய்களில் அப்படி ஓட்டைகள் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, தயங்கி, "உனக்குத்தான் இது லேட்டாப் பூடுச்சுக்கா," என்றாள்.

"அது கெடக்குது. அந்த இருட்டா கீதே, அத்த இன்னொரு தபா காட்டு."

ராஜம்மா மேசையில் கையூன்றிக் குனிந்தாள். நிமிரவேயில்லை. பார்க்கப் பார்க்க அந்தக் கருமைக்குள் இதயத்தின் இழைகள், ஒன்றையொன்று ஒட்டிப் படுத்தபடி, சாம்பல் நிறத்தில் மெல்லப் புலப்படத் தொடங்கின.